உறங்காத கணினி

“நள்ளிரவிலே எழுந்து விளையாடினாயா?” என்று என் மகனைக் கடிந்துகொண்ட நாளை நினைக்குந்தோறும் இன்றும் என் உள்ளம் கூசுகின்றது.

இரவிலே உறக்க நிலையில் விட்ட மேசைக் கணினி, விடியற்காலையில் உள்விசிறி இரைய விழித்திருக்கக் கண்டேன். ஒரு நாளன்று, மூன்று நாள். அம்மாத மின்கட்டணமும் ஏறியிருந்தது. “இல்லை அப்பா, நான் தொடவேயில்லை” என்றான் பையன். நான் நம்பினேனல்லேன்.

உண்மையை உரைத்தது அக்கணினியே. தன்னை இறுதியாக எழுப்பியது யாது என்பதை வின்டோஸ் குறித்து வைக்கின்றது. அதற்குரிய கட்டளையை மகனே இட்டுக் காட்டினான். திரையிலே வந்தது வலையமைப்பு அட்டையின் பெயர்!

கணினி உறங்கினும் இவ்வட்டை உறங்குவதில்லை. சிறிதளவு மின்னைப் பெற்றுக்கொண்டு, காவற்காரனைப்போலச் செவிசாய்த்திருக்கின்றது. தூரத்திலிருந்து கணினியை எழுப்புவதற்கென 1990களில் வகுக்கப்பட்ட இவ்வேற்பாட்டை ‘வேக் ஒன் லான்’ என்பர். முறையான அழைப்புக்கு ‘மஜிக் பக்கெட்’ என்று பெயர். முதலில் 255 என்னும் எண் 6 முறை; பின்னர் அவ்வட்டைக்கே உரிய முகவரி 16 முறை; ஆக 102 பைற்றுகள். அலுவலகங்களில் இரவிலே பல கணினிகளை எழுப்பிப் புதுப்பித்தற்கு இது பெரிதும் உதவும். ஆயின், சில அட்டைகள் தம்மை நோக்கி வரும் சாதாரணச் செய்திகளுக்கும் கணினியை எழுப்பிவிடுகின்றன. எம் வீட்டில் நிகழ்ந்தது அதுவே.

நட்டம் எவ்வளவு? விழித்திருக்கும் கணினிக்கு 60 வாற்று எனக் கொள்வோம். இரவொன்றுக்கு 8 மணி நேரம் வீதம், 30 இரவுகளில் 14.4 அலகுகள் வீணாகும்.

பரிகாரம் எளிது. ‘டிவைஸ் மனேஜர்’ பகுதியில் வலையமைப்பு அட்டையைத் தெரிந்து, ‘பவர் மனேஜ்மன்ட்’ பக்கத்திலே, கணினியை எழுப்ப அதற்கு இடமளிக்கும் குறியை நீக்கிவிடுக. தூரத்திலிருந்து எழுப்புதல் வேண்டுமாயின், அக்குறியை விட்டுவைத்து, ‘மஜிக் பக்கெட்’ ஒன்றுக்கே எழுமாறு அடுத்த குறியை இடுக. கணினியை முற்றாக அணைத்த பின்னரும் அட்டை விழித்திருத்தல் கூடும். அதனை நிறுத்தப் பல கணினிகளில் பயோஸ் அமைப்பையும் பார்த்தல் வேண்டும்.

கணினியைத் திருத்த ஐந்து நிமிடம் போதியதாயிற்று. “தம்பி, பிழை என்னுடையது” என்று சொல்ல எனக்கு இரண்டு நாட்கள் சென்றன. அவனோ சிரித்துவிட்டு, “இனி இரண்டு பேரும் நிம்மதியாய் நித்திரை கொள்ளலாம், அப்பா” என்றான்.