பசி பிந்தி வரும்

முதலாம் தவணை என்றால் கல்முனைக் கரையோரப் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம். மைதானப் போட்டிகளுக்கு முன்பே ஒரு நாள் காலையில் மரதன் ஓட்டம் நடந்து முடிந்துவிடும். விடிய எழும்பி இடியப்பம் தின்ற பிள்ளையும், வெறுந்தேத்தண்ணியோடு வந்த பிள்ளையும் ஒரே கோட்டில் நிற்பார்கள். யார் என்ன சாப்பிட்டார் என்று எவரும் கேட்பதில்லை.

2024 மார்ச்சில் இதே மாவட்டத்தின் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓடிய மாணவன் ஒருவன் உயிரிழந்தான். அந்த மரணத்தின் காரணத்தை ஆராய்வது இக்கட்டுரையின் வேலையல்ல. அதன்பின் வெயிலைப் பற்றியும் வைத்தியசாலையைப் பற்றியும் நிறையப் பேசினோம். சாப்பாட்டைப் பற்றியும் பேசியிருக்க வேண்டும்.

நீண்ட தூரம் ஓடுகிறவர் தன் பசியை நம்பக்கூடாது. கடும் உழைப்பின்போது இரத்தம் குடலை விட்டுத் தசைக்கும் தோலுக்கும் போகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் தணிகிறது. ஓடிவிட்டு வந்த பிள்ளை “பசிக்கல்ல உம்மா” என்று படுத்துக்கொள்வது பிடிவாதத்தால் அல்ல, உண்மையிலேயே பசிக்காது. அந்தப் பசி பல மணி நேரம் கழித்துப் பெருத்து வரும். தசைக்கு உணவு தேவைப்பட்டதோ ஓடி முடித்த உடனேயே.

வளர்ந்த ஒருவரின் ஈரலில் ஏறத்தாழ 100 கிராம், தசைகளில் 400 கிராம் அளவுக்கு மாச்சத்து கிளைக்கோஜனாகச் சேர்ந்திருக்கும். ஈரலில் உள்ளதில் பெரும்பகுதியை நாம் தூங்கும்போதே உடல் செலவழித்துவிடும். 1924இல் பொஸ்டன் மரதனை ஓடி முடித்தவர்களின் இரத்தத்தைச் சோதித்த மருத்துவர்கள், மிகவும் தளர்ந்து வந்தவர்களிடம் சர்க்கரை மிகத் தாழ்ந்திருக்கக் கண்டார்கள். அடுத்த ஆண்டு, முன்தினமே மாச்சத்தைக் கூட்டச் சொல்லி, வழியிலும் இனிப்புக் கொடுத்தார்கள். ஓடியவர்கள் நல்ல நிலையில் வந்து சேர்ந்தார்கள். நூறு வருடத்துப் பழைய பாடம் இது. நம் மைதானங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

ஓடுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு இடியப்பமோ ரொட்டியோ வாழைப்பழமோ போதும். எண்ணெயும் கட்டித் தேங்காய்ப்பாலும் அப்போது வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்கு வழியில் சாப்பாடு தேவையில்லை. அதற்கு மேல் நீண்டால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து வேண்டும்: இரண்டு வாழைப்பழம், அல்லது ஒரு கைப்பிடி பேரீச்சம்பழம். இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, வியர்வையில் போகும் சோடியம் குறைவு. ஒரு சிட்டிகை உப்பாவது சேர்க்க வேண்டும். நிறைய வியர்த்திருந்தால் ஜீவனி நல்லது. முடித்தபின் பசிக்காகக் காத்திராமல், மெல்ல மனமில்லாதவருக்குக் குடிக்கக் கொடுங்கள்: பால், கரைத்த தயிர், கஞ்சி.

இங்கேதான் நம் நோன்புக் கஞ்சியை நினைத்து நான் வியக்கிறேன். பேரீச்சம்பழம் உடனே சர்க்கரை தருகிறது. பின்னால் வரும் கஞ்சியில் தண்ணீர், உப்பு, அரிசி, பயறு, இறைச்சி எல்லாம் உண்டு. 13, 14 மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்த குடலுக்கு இதைவிடப் பொருத்தமானதை எந்த விளையாட்டு உணவு நிபுணரும் சொல்லிவிட முடியாது. அந்தக் கஞ்சிக்கு முன்பே ரோல்ஸும் சமோசாவும் கோப்பையை நிறைப்பதுதான் எனக்குப் பிடிக்காதது. கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். தேவையான தண்ணீரும் மாச்சத்தும் உள்ளே போகுமுன் வயிறு நிரம்பிவிடும்.

அஸருக்குப் பின் உதைபந்து பயிற்சிக்குப் போகும் இளைஞர்கள் அதை நோன்பு திறக்கும் நேரத்தை ஒட்டி முடித்தால், உடனே ஈடு செய்யலாம். கடும் பயிற்சியை தராவீஹுக்குப் பிறகு வைப்பது இன்னும் நல்லது. நித்திரைக்காக ஸஹரை விடுகிறவர் மறுநாள் பயிற்சியையும் விட்டுவிட வேண்டும்.

ரமழான் ஆண்டுதோறும் 10, 11 நாட்கள் முந்தி வருகிறது. 2026இல் பெப்ரவரியில் தொடங்கியது. 2027இலும் பெப்ரவரிதான், அதாவது முதலாம் தவணைதான். மரதன் திகதியைக் குறிக்கும் ஆசிரியர்கள் அதைப் பெருநாளுக்குப் பின்னால் தள்ளட்டும். ஓட்ட நாளன்று பெயர்ப் பதிவு மேசையில் ஒரு குலை வாழைப்பழம் வைத்து, வெறுவயிற்றோடு வரும் பிள்ளையை அன்று ஓட விடாதிருக்கட்டும்.