சோறும் ஊரும் – 14: ‘ஸுகே’ என்று முடிந்தால் ஊறுகாயா?

டோக்கியோவின் இசகாயா மதுக்கூடங்களில் மெனு அட்டையைப் புரட்டினால் ‘ஒஷின்கோ மொரியாவசே’ கண்ணில் படும். பலவகை ஊறுகாய்களை அடுக்கிய தட்டு அது. கியோத்தோவின் கைசெகி விருந்தில் கடைசியாகச் சோறும் மிசோ சூப்பும் வரும்போது கூடவே வருவதற்கு ‘கோ நோ மோனோ’ என்று பெயர். எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ‘ட்சுகெமோனோ’. எண்ணெயும் மிளகாய்த்தூளும் மிதக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்; பெரும்பாலும் உப்பு, புளிப்பு, மொறுமொறுப்பு.

பெயரின் வாலில் ‘ஸுகே’ இருந்தால் அதற்கு முன்னால் இருப்பதைப் பார்க்க வேண்டும். ஷியோஸுகே உப்பில் ஊறியது, மிசோஸுகே மிசோ என்ற புளித்த சோயா விழுதில் ஊறியது. அசாஸுகே என்றால் சில மணி நேரமே ஊறிய இளசு. நராஸுகே என்பதில் நரா நகரத்தின் பெயர் இருக்கிறது. சாக்கே மதுவைப் பிழிந்தபின் மிஞ்சும் சக்கையில் வெள்ளரி இனக் காய்களைப் போட்டு, சக்கையை மாற்றி மாற்றி மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் ஊறவைப்பார்கள். கரும்பழுப்பாக, மது வாடையோடு இருக்கும். மது தொடாதவர்கள் இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டுச் சமையலறையின் உயிர் நுகாஸுகேதான். அரிசித் தவிட்டை உப்புத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குப் பிசைந்து, காய்ந்த மிளகாயும் கொம்பு கடற்பாசித் துண்டும் போட்டு வைப்பார்கள். அதற்குள் வெள்ளரியையும் கத்தரியையும் புதைத்தால் மறுநாளே புளிப்பேறியிருக்கும். தவிட்டை நாள்தோறும் அடிவரை கைவிட்டுக் கிளற வேண்டும். விட்டுவிட்டால் மேலே வெள்ளைப் படலம் கட்டி நாற ஆரம்பித்துவிடும்.

ஆனால் வாலை மட்டும் நம்பி ஆர்டர் செய்யக் கூடாது. ‘மகுரோ ஸுகே’ சோயா சாஸில் ஊறிய சூரை மீன். ‘சாய்க்யோஸுகே’ பெரும்பாலும் வெள்ளை மிசோவில் ஊறவைத்துச் சுட்ட மீன். ‘ஒச்சாஸுகே’ சோற்றின் மேல் சூடாகத் தேநீர் ஊற்றியது. சுஷியோடு வரும் இஞ்சியான ‘காரி’, உப்பில் போட்டுக் காயவைத்த உமே பழமான ‘உமேபோஷி’, முள்ளங்கியில் செய்யும் ‘தக்குவான்’ ஆகியவற்றுக்கு அந்த வாலே இல்லை, மூன்றும் ஊறுகாய்தான்.

‘இபுரிகக்கோ’வும் அப்படித்தான். வடக்கே அகிதா மாகாணத்துப் பேச்சில் ‘கக்கோ’ என்றாலே ஊறுகாய். பனி சீக்கிரம் வந்துவிடும் அந்த ஊரில் முள்ளங்கியைக் காயவைக்க வெயில் போதாது. அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு, மரப்புகையில் வாட்டி, பிறகு தவிட்டில் புதைத்தார்கள். இப்போது இசகாயாக்களில் க்ரீம் சீஸ் வைத்துத் தருகிறார்கள். அந்தப் புகை மணத்துக்கு வேறு எதுவும் ஈடாகாது.

இந்த இபுரிகக்கோவுக்கும் ஒரு சிக்கல் வந்தது. 2012இல் ஹொக்கைடோவில் அசாஸுகே வழியாக ஈ.கோலை கிருமி பரவி 8 பேர் இறந்தார்கள். பிறகு உணவுச் சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, 2021இல் ஊறுகாய் தயாரிப்புக்கும் உரிமம் கட்டாயமானது. பழைய தயாரிப்பாளர்களுக்குத் தரப்பட்ட அவகாசம் 2024 மே மாதத்தோடு முடிந்தது. சட்டத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் வீட்டுக் கொட்டகையில் செய்துவந்த முதிய விவசாயிகளால் உரிமத்துக்குத் தேவையான தனிக்கூடம் கட்டச் செலவழிக்க முடியவில்லை. அகிதாவில் பலர் இபுரிகக்கோ விற்பதையே நிறுத்திவிட்டார்கள்.