முனையைக் காக்கும் ஆறு புரதங்கள்

நகங்கள் மெலிந்து பிளக்கும். நாக்கில் வெள்ளைத் திட்டு படரும். கழுத்துத் தோல் வலை போட்டதுபோல் கறுக்கும். நாளடைவில் எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உருவாக்க முடியாமல் தளர்ந்துவிடும். டிஸ்கெரடோசிஸ் கான்ஜெனிடா என்ற இந்த அரிய பரம்பரை நோய்க்குக் காரணமான மரபணுக்களில் ஒன்று 1998இல் பிடிபட்டது. அது தரும் டிஸ்கெரின் புரதம், டெலோமரேஸ் நொதிக்குள் இருக்கும் ஆர்என்ஏ சிதையாமல் பார்த்துக்கொள்கிறது என்பது அடுத்த ஆண்டே தெரியவந்தது.

டெலோமரேஸ் என்றதும் 'இளமை தரும் நொதி' என்று எழுதிவிடுகிறோம். 1984இல் எலிசபெத் பிளாக்பர்னும் கரோல் கிரைடரும் கண்டறிந்த அந்த நொதி தனியாக எதையும் சாதிப்பதில்லை. அதை அழைப்பதும் தடுப்பதும் வேறு புரதங்கள். அவற்றைப் பற்றித்தான் நாம் அதிகம் பேச வேண்டும்.

மனிதக் குரோமோசோமின் நுனிதான் டெலோமியர். அங்கே டிடிஏஜிஜிஜி என்ற ஆறெழுத்து ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வரும். செல் பிரியும்போதெல்லாம் அதில் கொஞ்சம் தேயும்; தேய்ந்ததை மீண்டும் நீட்டுவதுதான் டெலோமரேஸின் வேலை. டெலோமியரின்மேல் டிஆர்எஃப்1, டிஆர்எஃப்2, ராப்1, டின்2, டிபிபி1, பாட்1 என ஆறு புரதங்கள் அமர்ந்திருக்கின்றன. இந்தக் கூட்டத்துக்கு 2005இல் 'ஷெல்டரின்' என்று பெயர் வைத்தவர் டிட்டியா டி லாங்கே.

டெலோமியரின் கடைசிப் பகுதி ஒற்றை இழையாக நீண்டிருக்கும். முந்தானையை இடுப்பில் செருகுவதுபோல் அதை வளைத்து, பின்னாலுள்ள இரட்டை இழைக்குள் செருகிவிடுகிறது டிஆர்எஃப்2. இந்த வளையத்தை 1999இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். டிஆர்எஃப்2 இல்லாவிட்டால், டிஎன்ஏ அறுந்துவிட்டது என்று எண்ணி இரண்டு குரோமோசோம்களின் முனைகளைச் செல் ஒட்டவைத்துவிடும். அந்தச் செல் அடுத்து ஒழுங்காகப் பிரிய முடியாது.

ஒற்றை இழையைப் பற்றிக்கொள்வது பாட்1. டெலோமரேஸ் கண்டபடி நீட்டிக்கொண்டே போகாமல் தடுப்பதில் அதற்குப் பங்குண்டு. பாட்1 மரபணு பழுதான சில குடும்பங்களில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வருவதை 2014இல் கண்டார்கள். அவர்களின் டெலோமியர் வழக்கத்தைவிட நீளம். நீண்டால் நல்லது என்று நம்புவோர் இதைக் கட்டாயம் அறிய வேண்டும்.

என்னை அதிகம் வியக்கவைப்பது டிபிபி1. பாட்1ஐ டெலோமியரோடு பிணைத்து வைப்பதும் அதுதான், டெலோமரேஸை முனைக்கு வரவழைப்பதும் அதுதான். அழைக்கும் வேலைக்கென்றே அதன் மேற்பரப்பில் சிறு இடம் ஒன்று உண்டு. மஜ்ஜை செயலிழந்த நோயாளிகள் சிலரிடம் அந்த இடத்தில் லைசின் என்ற ஒரே ஒரு அமினோ அமிலம் விடுபட்டிருந்ததை, அதே 2014இல் ஆய்வாளர்கள் கண்டார்கள். டிபிபி1 தன் இடத்தில்தான் இருந்தது. டெலோமரேஸை அழைக்கத்தான் அதனால் முடியவில்லை.