சர்க்கரை போடாத ஜூஸ்தானே?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக அங்கங்கே சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

போன வாரம் ஒரு கேள்வி வந்தது. "காலையில ஆபீஸ் கிளம்பற அவசரத்துல பழம் வெட்டிச் சாப்பிட நேரமில்ல. வீட்டுலயே ஜூஸ் போட்டுக் குடிச்சா போதும்தானே? கடை ஜூஸ் இல்ல, சர்க்கரையும் போடறதில்ல."

ரெண்டு வரியில பதில் அனுப்பியிருக்கலாம். ஆனா இதுல எனக்கு ஒரு சொந்தக் கதை இருக்கு. அதைச் சொல்லிட்டே ஆரம்பிக்கிறேன்.

அப்பாவுக்குப் போன வருஷம் எச்பிஏ1சி 6.1 வந்தது. கடந்த ரெண்டு மூணு மாசத்துல ரத்தத்தில் சர்க்கரை சராசரியா எப்படி இருந்ததுன்னு காட்டுற டெஸ்ட் அது. 5.7-லிருந்து 6.4 வரைக்கும் 'பார்டர்'. 6.5-ஐத் தொட்டா சர்க்கரை நோய். அப்பா பயந்துட்டார். நாளைக்கு ரெண்டு காபி, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. அதை அன்னிக்கே நிறுத்தினார். நானும் என் பங்குக்கு, கைக்கு வந்த போனஸ்ல ஒரு கோல்ட் பிரெஸ் ஜூஸர் வாங்கிக் கொடுத்தேன். தினமும் காலையில மூணு ஆரஞ்சு, ஒரு ஆப்பிள். பெரிய டம்ளர் நிறைய.

மூணு மாசம் கழிச்சு 6.6.

டாக்டர் என்ன சாப்பிடறீங்கன்னு கேட்டார். அப்பா பெருமையா, "காலையில ஜூஸ் சார். வீட்டுல போட்டது. ஒரு சிட்டிகை சர்க்கரை சேர்க்கறதில்ல"ன்னார். டாக்டர் பேனாவை மூடி வெச்சுட்டு, "அந்தப் பழத்தை அப்படியே சாப்பிட்டிருக்கலாமே" என்றார். நான் பக்கத்துல உட்கார்ந்து என் செருப்பையே பார்த்துட்டிருந்தேன்.

இங்கே ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். ஒருத்தரோட ரிப்போர்ட் எதுக்கும் ஆதாரம் ஆகாது. அந்த மூணு மாசத்துல அப்பா நடைப்பயிற்சியையும் விட்டிருந்தார், தூக்கமும் சரியில்ல. ஜூஸ்தான் காரணம்னு என்னால சொல்ல முடியாது. ஆனா வீட்டுக்கு வந்து ஒரு கணக்குப் போட்டேன்.

ஒரு நடுத்தர ஆரஞ்சில் சுமார் 12 கிராம் சர்க்கரை இருக்கும், 3 கிராம் நார்ச்சத்து இருக்கும். 250 மில்லி ஜூஸ் வேணும்னா மூணு, சில சமயம் நாலு பழம் போகும். அந்த டம்ளரில் சுமார் 21 கிராம் சர்க்கரை, அதாவது அஞ்சு ஸ்பூன். நார்ச்சத்து அரை கிராம் தேறினால் அதிகம். மீதியெல்லாம் சக்கையோடு குப்பைக்குப் போய்விட்டது. ஆப்பிளையும் சேர்த்தால் அப்பாவோட டம்ளரில் குறைந்தது 30 கிராம் இருந்திருக்கும். காபியில விட்டது நாலு ஸ்பூன். ஜூஸில குடிச்சது ஏழு ஸ்பூனுக்கு மேல. விட்டதைவிட வாங்கினது ஜாஸ்தி!

"அது பழத்தோட சர்க்கரைதானே, இயற்கையானதுதானே?" அப்பாவும் இதைத்தான் கேட்டார். நியாயமான கேள்வி. மூலக்கூறு அளவில் பார்த்தால் பழத்திலும் ஜூஸிலும் இருப்பது ஒரே சர்க்கரைதான். வித்தியாசம் அது இருக்கும் இடத்தில். முழுப் பழத்தில் சர்க்கரை செல்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. செல்சுவர் நார்ச்சத்தால் ஆனது. பல் மெல்ல வேண்டும், வயிறு கரைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்கு வரும். பிழிகிறபோது அந்தச் சுவரை நாம் முன்கூட்டியே உடைத்துவிடுகிறோம். வெளியே வந்த சர்க்கரைக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் பெயர் 'ஃப்ரீ ஷுகர்'. 2015-ல் வந்த அவர்களுடைய வழிகாட்டுதலில் டீயில் போடும் சர்க்கரை, தேன், பழச்சாறு மூன்றும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. முழுப் பழம் அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு இந்த வகைச் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறார்கள். அப்பா காலை எட்டு மணிக்கே 25-ஐத் தாண்டியிருந்தார்.

இதைச் சோதித்துப் பார்த்த ஒரு பழைய ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1977-ல் லான்செட் இதழில் வந்தது. பத்தே பேர். ஒரே அளவு மாவுச்சத்து வருகிற மாதிரி ஒரு நாள் முழு ஆப்பிள், ஒரு நாள் மசித்த ஆப்பிள், ஒரு நாள் ஆப்பிள் ஜூஸ். ஆப்பிளை மென்று முடிக்க ஆன நேரத்தில் பதினோரில் ஒரு பங்கு நேரத்திலேயே ஜூஸைக் குடித்து முடித்துவிட்டார்கள். சரி, வேகம்தான் பிரச்சினையா என்று பார்க்க, மூன்றையும் ஒரே நேரத்தில் முடிக்கும்படி மெதுவாக்கியும் பார்த்தார்கள். அப்போதும் வயிறு நிறைந்த உணர்வு ஆப்பிளுக்குத்தான் அதிகம், அடுத்து மசியல், கடைசியில் ஜூஸ்.

இதில் நான் எதிர்பார்க்காத விஷயம் ஒன்று இருக்கிறது. மூன்றிலும் ரத்தச் சர்க்கரை ஏறின உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் அதற்கப்புறம்தான் வருகிறது. ஜூஸுக்கும் மசியலுக்கும் உடம்பு அதிக இன்சுலின் சுரந்தது. ஜூஸ் குடித்தவர்களுக்குச் சர்க்கரை சட்டென்று கீழே விழுந்தது. மசியலுக்கு அந்தச் சரிவு குறைவு. ஆப்பிளை மென்று சாப்பிட்டபோது அப்படி நடக்கவே இல்லை. காலையில் ஜூஸ் மட்டும் குடித்துவிட்டுப் போனால் பதினோரு மணிக்கு கேன்டீன் சமோசா கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இது என்னோட ஊகம்தான், ஆய்வு சமோசாவைப் பற்றிப் பேசவில்லை.

"அப்போ ஜூஸ்ல நார்ச்சத்துப் பொடி கலந்துட்டா?" அதையும் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2009-ல் வெளியான ஆய்வு. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஆப்பிளைத் துண்டாகச் சாப்பிட்டவர்கள், எதுவும் சாப்பிடாமல் உட்கார்ந்த நாளைவிட மொத்தத்தில் 15 சதவீதம் குறைவான கலோரி எடுத்துக்கொண்டார்கள். ஜூஸுக்கு அந்தப் பலன் இல்லை. ஆப்பிளில் இருக்கிற அளவு நார்ச்சத்தை ஜூஸில் கலந்து கொடுத்தபோதும் பசி அடங்குவது கூடவில்லை. நார்ச்சத்தின் கிராம் கணக்கு மட்டும் போதாது, அது பழத்துக்குள் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, நாம் அதை மெல்லுகிறோமா என்பதும் கணக்கில் வருகிறது.

நீண்டகால விளைவுக்கு 2013-ல் பிஎம்ஜே இதழில் வந்த ஹார்வர்டு ஆய்வைச் சொல்லலாம். ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க மருத்துவத் துறையினரைப் பல வருஷம் பின்தொடர்ந்தார்கள். புளூபெர்ரி, திராட்சை, ஆப்பிள் மாதிரி முழுப் பழங்களை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு டைப் 2 சர்க்கரை நோய் குறைவாக வந்தது. ஜூஸ் அதிகம் குடித்தவர்களுக்குக் கூடுதலாக வந்தது. இது கவனித்துப் பார்த்த ஆய்வு, காரணத்தை நிரூபித்த ஆய்வு கிடையாது. ஆனாலும் பழமும் ஜூஸும் எதிரெதிர்த் திசையில் போவது யோசிக்க வைக்கிறது.

இப்போ என் ஜூஸர் விவகாரத்துக்கு வருவோம். கோல்ட் பிரெஸ் என்றால் பழத்தை வேகமான பிளேடால் அடிக்காமல், திருகு மாதிரி ஒன்று மெதுவாக நசுக்கிப் பிழியும். சூடு குறைவு, நுரை குறைவு. ஆனால் சக்கை தனியாகத்தான் வருகிறது, சர்க்கரை டம்ளருக்குத்தான் வருகிறது. விலையைச் சொல்ல மாட்டேன், அழுகை வரும்.

மிக்ஸியில் அடித்து வடிகட்டாமல் குடித்தால் கதை கொஞ்சம் வேறு. நார்ச்சத்து உள்ளேயே இருக்கிறது, நொறுங்கியிருக்கிறது அவ்வளவுதான். விதையுள்ள பழங்களை அடித்தபோது ரத்தச் சர்க்கரை முழுப் பழத்தைவிடக்கூடக் குறைவாக ஏறியதாகச் சின்னச் சின்ன ஆய்வுகள் இருக்கின்றன. விதைகள் அரைபட்டு அதிலிருக்கும் நாரும் கொழுப்பும் வெளியே வருவது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். ஆகவே ஸ்மூத்தியும் ஜூஸும் ஒன்றில்லை. ஆனால் அதில் ஐஸ்கிரீம், தேன், பேரீச்சம்பழம் என்று போட்டுக்கொண்டே போனால் அதுக்கு நான் பொறுப்பில்ல.

நம்ம ஊரில் ஜூஸுக்கு ஒரு மரியாதை இருக்கு. ஆஸ்பத்திரியில யாரையாவது பார்க்கப் போனா சாத்துக்குடிப் பை இல்லாம போக மாட்டோம். "பழரசம் கொடுத்து உண்ணாவிரதத்தை முடித்து வைத்தார்" என்று எத்தனை செய்தி படித்திருக்கிறோம். உடம்பு துவண்டிருக்கும்போது, மெல்லத் தெம்பில்லாதபோது ஜூஸ் உதவத்தான் செய்யும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்கு ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிக் கை நடுங்கினால், அரை டம்ளர் ஜூஸ்தான் சரி. சுமார் 15 கிராம் மாவுச்சத்து உள்ளே போகும், கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்க்கச் சொல்வார்கள். அந்த நேரத்தில் ஆப்பிளை வெட்டி நீட்டாதீங்க. மற்ற நேரத்தில் எந்த வேகம் தொந்தரவோ, அப்போது அதே வேகம்தான் மருந்து.

பழமே தொடாத ஆளுக்கு? ஒண்ணுமில்லாததுக்கு ஒரு சின்ன டம்ளர் மேல்தான். வைட்டமின் சி, பொட்டாசியம் கிடைக்கும், கோலாவில் அது கிடையாது. பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை, தினசரி ஐந்து பங்கு பழம் காய்கறியில் 150 மில்லி ஜூஸை ஒரே ஒரு பங்காக ஒப்புக்கொள்கிறது. அஞ்சு டம்ளர் குடித்தாலும் ஒண்ணுதான். குழந்தைகள் விஷயத்தில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2017-ல் இன்னும் கறாராகச் சொன்னது: ஒரு வயது வரை ஜூஸ் வேண்டாம், மூணு வயது வரை நாளைக்கு 120 மில்லிக்கு மேல் வேண்டாம். நம்ம ஐசிஎம்ஆர் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலும் முழுப் பழத்தைத்தான் சிபாரிசு செய்கிறது. அதிலேயே கரும்புச் சாறு 100 மில்லியில் 13 முதல் 15 கிராம் சர்க்கரை என்று போட்டிருக்கிறார்கள். மெரினாவில் நிற்கும்போது ஞாபகம் வந்தா நான் பொறுப்பு.

கேள்வி கேட்டவருக்கு: நேரம்தான் பிரச்சினைன்னா வெட்டவே வேண்டாத பழம் நிறைய இருக்கு. வாழைப்பழம், கொய்யா, ஆப்பிள் எல்லாம் கழுவிப் பைக்குள்ள போட்டா பஸ்ஸிலயே சாப்பிடலாம். ஜூஸரைக் கழுவுற நேரத்துல ரெண்டு கொய்யா சாப்பிட்டு முடிச்சிடலாம், அனுபவத்துல சொல்றேன். மாதுளையை உரிக்கச் சோம்பல்பட்டுத்தான் பலரும் ஜூஸ் போடுறாங்க. அந்தச் சோம்பல் இருக்கறதாலதான் நாம ஒரே மூச்சுல மூணு மாதுளை சாப்பிடறதில்ல. ஜூஸ் குடிச்சே ஆகணும்னா சின்ன டம்ளர், வடிகட்டாம, வெறும் வயித்துல இல்லாம டிபனோடு குடிங்க. தாகத்துக்குன்னா எலுமிச்சை பிழிஞ்ச தண்ணி, உப்பு மட்டும் போட்டு.

அப்பா இப்போ சாயங்காலம் ஒரு கொய்யாவை வெட்டி உப்பு, மிளகாய்ப்பொடி தூவி, பேப்பர் படிச்சுட்டே அரை மணி நேரம் சாப்பிடறார். நடையும் திரும்ப ஆரம்பிச்சாச்சு. அடுத்த டெஸ்ட் வர்ற மாசம். ஜூஸர் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. அம்மா அதுல தேங்காய்ப்பால் எடுக்கறாங்க. ஆப்பத்துக்கு நல்லா கெட்டியா வருதாம்.