தேர்வறையைத் தாண்டி: பாலே பயிலும் குழந்தையின் உரிமைகளும் பெற்றோர் அறிய வேண்டிய தீர்வுகளும்

பாலே நடனத்தைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் குழந்தை இங்கிலாந்தில் 11 வயதிலேயே அதற்கான முழுநேரப் பள்ளியின் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. இடுப்பு மூட்டிலிருந்து இரு கால்களையும் வெளிப்புறமாகத் திருப்பி நிற்கும் 'டர்ன்அவுட்' எனும் நிலையை உடல் வளர்ந்து முடிவதற்குள் பழக்கிவிட வேண்டும் என்பது அக்கலையின் நெடுநாளைய நம்பிக்கை. மேடை வாழ்வு பெரும்பாலோருக்கு முப்பதுகளிலேயே முடிந்துவிடுவதும் இந்த அவசரத்துக்கு ஒரு காரணம். இவ்வளவு இளம் வயதில், இவ்வளவு குறைந்த இடங்களுக்கு நடக்கும் தேர்வில் வென்ற குழந்தையின் பெற்றோர் அந்த இடத்தைக் கிடைத்தற்கரிய கொடையாக எண்ணி, கேள்வி கேட்டால் அது பறிபோய்விடுமோ என்று அஞ்சி வாய்மூடி இருந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்த இடமோ, சட்டத்தின் பார்வையில் கட்டணத்துக்கு ஈடாகக் கல்வியும் பாதுகாப்பும் தருவதாகப் பள்ளி ஒப்புக்கொண்ட ஓர் ஒப்பந்தம். பெற்றோரின் அச்சம் கரைய வேண்டுமானால் இந்த அடிப்படை முதலில் தெளிவாக வேண்டும்.

பள்ளியும் பணமும்

நடனப் பயிற்சியையும் பொதுக் கல்வியையும் ஒரே கூரையின் கீழ் தரும் உறைவிடப் பள்ளியே இங்கு முழுநேரத் தொழிற்பயிற்சிப் பள்ளி எனப்படுகிறது. லண்டனின் ராயல் பாலே பள்ளி, பர்மிங்ஹாமின் எல்ம்ஹர்ஸ்ட், ஹார்ட்ஃபர்ட்ஷயரின் டிரிங் பார்க், செஸ்டரின் ஹாமண்ட் ஆகிய நான்கும் அரசின் 'இசை மற்றும் நடனத் திட்டம்' என்ற நிதியுதவியின் கீழ் நடன மாணவரைச் சேர்த்து வந்த பள்ளிகளாகும். நினெட் டி வலுவா 1926இல் தொடங்கிய பயிற்சிக்கூடத்திலிருந்து வளர்ந்த ராயல் பாலே பள்ளி, 11 முதல் 16 வயது வரையிலான மாணவரை ரிச்மண்ட் பூங்காவின் நடுவிலுள்ள 'ஒயிட் லாட்ஜ்' மாளிகையிலும், அதற்கு மேற்பட்டோரைக் கோவென்ட் கார்டனிலும் பயிற்றுவிக்கிறது.

மேற்சொன்ன உதவி குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. வருமானம் குறையக் குறையப் பெற்றோர் செலுத்த வேண்டிய பங்கும் குறையும் என்பதால், கட்டணத் தொகையைக் கேட்டவுடனேயே பின்வாங்கிவிடாமல் உதவிக்கான தகுதியையும் வசிப்பு விதிகளையும் பள்ளியிடம் முதலில் கேட்டறிவதே முறை. தனியார் பள்ளிக் கட்டணத்தின் மீது 2025 ஜனவரி 1 முதல் 20 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி விதிக்கப்படுவதால், பள்ளி சொல்லும் தொகை அவ்வரியை உள்ளடக்கியதா என்பதையும் எழுத்தில் பெற வேண்டும். வீட்டைவிட்டுப் பிரிய விரும்பாத குழந்தைக்கு, வழக்கமான பள்ளியில் படித்தபடியே வார இறுதியிலும் விடுமுறையிலும் தீவிரப் பயிற்சி தரும் 'உயர்பயிற்சி மையங்கள்' மாற்று வழியாக அமைகின்றன. பர்மிங்ஹாமில் பரதநாட்டியத்துக்கும் கதக்குக்கும் 'யுவ கதி' என்ற பெயரில் அத்தகைய பயிற்சி உருவானதைப் பார்க்கும்போது, இந்த ஏற்பாடு பாலேவுடன் நின்றுவிடவில்லை என்பது புலனாகும்.

கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தில் இரண்டு பிரிவுகளை ஊன்றிப் படிப்பது இன்றியமையாதது. குழந்தையை இடையில் விலக்கிக்கொண்டால் எத்தனை நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பது ஒன்று. முழுப் பருவ முன்னறிவிப்பு இல்லையேல் ஒரு பருவக் கட்டணம் என்பதே பல தனியார் பள்ளிகளின் நடைமுறை. பள்ளியே குழந்தையை வெளியேற்றினால் அந்தக் கட்டணமும் நிதியுதவியும் என்னவாகும் என்பது மற்றொன்று.

தேர்வறையில் நடப்பது

'ஆடிஷன்' எனப்படும் சேர்க்கைத் தேர்வு பொதுவாக இரு கட்டங்களில் அமைகிறது. முதற்கட்டம் காணொளி வழியாகவோ நேரிலோ நடக்கும் ஒரு வகுப்பு. சுவரோரக் கைப்பிடிக் கம்பியான 'பார்' அருகே தொடங்கி, அறையின் நடுவிலான பயிற்சிகளையும் தாவல்களையும் கடந்து, அறிமுகமில்லாத இசைக்குக் குழந்தை எப்படி இசைகிறது என்பதில் அது முடிகிறது. ஆடையில் குத்தப்பட்ட எண்ணே அங்கு குழந்தையின் பெயர். இறுதிக் கட்டத்தில் உடலியக்க மருத்துவர் ஒருவர், குழந்தையை மேசையில் மல்லாந்து படுக்கவைத்து, முழங்கால்களை மடக்கி இருபுறமும் தவளையின் கால்போல விரியவிட்டு இடுப்பின் திருப்பத்தையும், கணுக்காலை நீட்டச் சொல்லிப் பாதத்தின் வளைவையும், குனியச் சொல்லி முதுகெலும்பின் நேர்த்தியையும் அளவிடுகிறார். எலும்பின் வடிவம் பிறவியில் அமைவதாகையால், நிராகரிப்புகளில் ஒரு பகுதி குழந்தையின் உழைப்போடு தொடர்பே இல்லாதது என்பதைத் தேர்வுக்குப் போகும் முன்பே எடுத்துச் சொல்லும் பெற்றோர் அக்குழந்தைக்குப் பெரிய காவலைத் தருகின்றனர்.

இக்கட்டத்தில் பெற்றோர் கேட்க உரிமையுள்ள கேள்விகள் பல. உடற்சோதனையின்போது உடன் இருப்போர் யார், அதன் பதிவுகள் எவ்வளவு காலம் வைக்கப்படும், காணொளியைப் பார்ப்போர் யார், நிராகரிப்புக்குக் காரணம் சொல்லப்படுமா என்பன அவற்றுள் சில. 2018ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒருவரைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் பதிவுகளின் நகலைக் கேட்டுப் பெறலாம். விதிவிலக்குகள் நீங்கலாக ஒரு மாதத்துக்குள் அது தரப்பட வேண்டும். அந்த உரிமை குழந்தைக்கே உரியது. சிறு வயதினர் சார்பில் பெற்றோர் அதைக் கோரலாம்.

முழுநேரப் பள்ளிக்கு முந்தைய தெருமுனை நடனக்கூடத்தைத் தேர்வதிலும் எச்சரிக்கை வேண்டும். இங்கிலாந்தில் நடனக்கூடம் திறக்க எந்தத் தகுதிச் சான்றும் சட்டப்படி கட்டாயமில்லை. ஆகவே 1920இல் நிறுவப்பட்ட ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் போன்ற தேர்வு அமைப்புகளின் பதிவேட்டில் ஆசிரியரின் பெயர் உள்ளதா, குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு நடந்துள்ளதா, காப்பீடு உண்டா என்று விசாரிக்கும் பொறுப்பு பெற்றோரையே சாரும்.

வளரும் உடலின் ஆபத்துகள்

உடல் சார்ந்த ஆபத்துகளில் முதன்மையானது காலத்துக்கு முந்திய பளு. விரல்நுனியில் நின்றாடப் பயன்படும் 'பாயிண்ட் ஷூ'வின் முனையில் மரக்கட்டை இருப்பதாகப் பலர் எண்ணுவர். அதில் இருப்பது துணியையும் காகிதத்தையும் பசையிட்டு அடுக்கடுக்காக இறுக்கிய ஒரு சிறு கூடுதான். உடலின் முழு எடையும் அந்தக் கூட்டின் தட்டையான நுனியில் இறங்க, அதைத் தாங்குவது பாதமும் கணுக்காலும் வயிற்றுத் தசையும் ஆகும். 12 வயதுக்கு முன் இதைத் தொடங்க வேண்டாம் என்றும், உடற்கட்டும் தசை வலிமையும் போதாதவருக்கு மேலும் தள்ளிப்போட வேண்டும் என்றும் நடன மருத்துவ, அறிவியலுக்கான சர்வதேச அமைப்பு வெளியிட்ட வழிகாட்டல் கூறுகிறது. பத்து வயதுக் குழந்தைக்குப் பாயிண்ட் ஷூ வாங்கச் சொல்லும் ஆசிரியரிடம் காரணம் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

இரண்டாவது ஆபத்து, வளர்ச்சி வேகம். பெண் குழந்தைகள் சுமார் 12 வயதிலும் ஆண் குழந்தைகள் சுமார் 14 வயதிலும் மளமளவென்று உயரும்போது எலும்பின் நீட்சிக்குத் தசை ஈடுகொடுக்க முடியாமல் இறுகுவதால், நேற்றுவரை எளிதாக உயர்ந்த கால் இன்று உயர மறுக்கிறது, சமநிலை தடுமாறுகிறது. தற்காலிகமான இந்தச் சரிவைத் திறமைக் குறைவாகக் கொள்ளும் குழந்தை, இழந்த திருப்பத்தை மீட்க முழங்காலையும் பாதத்தையும் வலிந்து திருக்குவதால் காயம் நேர்கிறது. பாதத்தில் இரண்டாம் விரலை நோக்கிச் செல்லும் நீள எலும்பின் அடிப்பகுதியில் தோன்றும் அழுத்த முறிவு, அதாவது ஒரே அடியில் உடையாமல் திரும்பத் திரும்ப விழும் பளுவால் எலும்பில் உண்டாகும் நுண்ணிய விரிசல், நடனக்காரருக்கே உரிய காயமாக மருத்துவர்களிடையே பேர்பெற்றது. ஓய்வெடுத்தாலும் தீராத, இரவிலும் விழிக்கவைக்கும் வலியை 'பயிற்சி வலி' என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நடனக் காயங்களுக்கென, நாட்டின் பொது மருத்துவச் சேவையான என்எச்எஸ் நடத்தும் சிறப்புச் சிகிச்சைப் பிரிவுகள் சில நகரங்களில் உள்ளன. அவற்றின் வயது வரம்பைக் கேட்டறிந்து, பொது மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் பெறலாம்.

மூன்றாவது ஆபத்து உணவிலும் மனத்திலும் வேர்கொண்டது. உடல் செலவிடும் ஆற்றலுக்கு ஈடான உணவு கிடைக்காதபோது மாதவிடாய், எலும்பு, இதயம், மனநிலை யாவும் ஒருங்கே பாதிக்கப்படும் நிலையைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் 'ரெட்-எஸ்' என்று பெயரிட்டு விளக்கியது. 15 வயதாகியும் பூப்பெய்தாமை, மூன்று மாதங்களுக்கு மேல் மாதவிடாய் நின்றுபோதல், அடிக்கடி நேரும் அழுத்த முறிவு, சேர்ந்துண்ணும் வேளைகளைத் தவிர்த்தல், எடையைப் பற்றிய ஓயாத பேச்சு ஆகியவை அதன் அறிகுறிகள். மாதவிடாய் நிற்பது கடும் பயிற்சியின் இயல்பான விளைவு என்று சொல்லப்பட்டால், அதைச் சொல்பவர் யாராயினும் ஏற்கலாகாது. பிபிசியின் 'பனோரமா' நிகழ்ச்சி 2023 செப்டம்பரில் முன்னாள் பாலே மாணவர் பலரின் வாக்குமூலங்களை ஒளிபரப்பியபோது, உடல் அமைப்பைக் குறித்த இழிசொல் இளம் வயதில் விட்டுச்செல்லும் வடு எத்தகையது என்பது பொதுவெளியில் விவாதமாயிற்று. உணவுக் கோளாறு எனச் சந்தேகிக்கப்படும் சிறாருக்கு, அவசர நிலையில் ஒரு வாரத்துக்குள்ளும் மற்ற நிலைகளில் நான்கு வாரத்துக்குள்ளும் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது என்எச்எஸ் தனக்கு வகுத்துக்கொண்ட அளவுகோல். 'பீட்' என்ற தொண்டு நிறுவனம் பெற்றோருக்கும் ஆலோசனை தருகிறது.

மேடையேறும் சிறாருக்கான சட்டம்

கிறிஸ்துமஸ் காலத்து 'நட்கிராக்கர்' போன்ற நாடகங்களில் பெரிய நடனக் குழுக்கள் சிறாரையும் மேடையேற்றுகின்றன. கட்டாயக் கல்வி வயதைக் கடக்காத சிறார் பொதுமேடையில் தோன்ற, சில விலக்குகள் நீங்கலாக, அவர்கள் வாழும் பகுதியின் உள்ளாட்சி அமைப்பு வழங்கும் உரிமம் தேவை. அதைப் பெறும் பொறுப்பு நிகழ்ச்சியை நடத்துவோருடையது. 2014ஆம் ஆண்டின் விதிகளின்படி, 9 வயதும் அதற்கு மேலும் ஆன பள்ளிச் சிறாரை நாளொன்றுக்கு ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் அரங்கில் வைத்திருக்கலாகாது. ஒத்திகையும் ஆட்டமும் சேர்ந்து 5 மணி நேரத்தைத் தாண்டலாகாது. இரவு 11 மணிக்குப் பின் அவர்கள் அங்கு இருக்கலாகாது. ஒப்புதல் பெற்ற துணைக்காப்பாளர் ஒருவரின் பொறுப்பில் 12 பேருக்கு மேல் விடவும் அனுமதியில்லை. நள்ளிரவு நெருங்கியும் அரங்கில் நிறுத்திவைக்கப்படும் குழந்தையின் தாய், கலைக்காக இதையும் பொறுக்க வேண்டும் என்று எண்ணினால், பொறுக்கத் தேவையில்லை என்று முன்பே எழுதிவைத்திருக்கிறது சட்டம்.

குறை எழுந்தால் நாடும் வழிகள்

பெற்றோரை அதிகம் கலங்கவைப்பது ஆண்டுதோறும் நடக்கும் திறன் மதிப்பீடு. தொழில் தரத்தை எட்டமாட்டார் எனக் கருதப்படும் மாணவரை அதன் அடிப்படையில் வெளியேறச் சொல்லும் வழக்கம் இத்தகைய பள்ளிகளில் நெடுங்காலம் இருந்து வந்துள்ளது. அவ்வழக்கம் தம் பள்ளியில் எந்த வகுப்பிலிருந்து தொடங்குகிறது, எழுத்து வழி எச்சரிக்கை எப்போது தரப்படும், மறுபரிசீலனைக்கு இடமுண்டா, பொதுத் தேர்வு எழுதும் ஆண்டில் படிப்பு குலையாமல் காக்கப்படுமா என்பவற்றைச் சேர்க்கைக்கு முன்பே கேட்டு, விடையை மின்னஞ்சலில் பெற்று வைக்க வேண்டும்.

குறைகளைக் கேட்க மூன்று படிகள் கொண்ட முறையைத் தனியார் பள்ளிகள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். முதற்படி நேர்ப்பேச்சு, இரண்டாவது எழுத்து வழி முறையீடு, மூன்றாவது குழுவின் முன் விசாரணை. அக்குழுவில் பள்ளி நிர்வாகத்தோடு தொடர்பற்ற ஒருவராவது இருக்க வேண்டும். பெற்றோர் விரும்பினால் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லலாம். சென்ற கல்வியாண்டில் எத்தனை முறையீடுகள் பதிவாயின என்று கேட்டாலும் பள்ளி அந்த எண்ணிக்கையைச் சொல்லியாக வேண்டும். சேர்க்கைக்கு முன் கேட்கத்தக்க கூர்மையான கேள்விகளுள் அதுவும் ஒன்று.

துன்புறுத்தல் குறித்த ஐயமென்றால் இந்தப் படிகளுக்காகக் காத்திருத்தல் கூடாது. பள்ளியின் சிறார் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் அன்றே தெரிவிக்கலாம். பணியாளர்மீதான குற்றச்சாட்டுகளைக் கவனிக்க உள்ளாட்சியில் நியமிக்கப்பட்ட, 'லாடோ' என்று சுருக்கமாக அழைக்கப்படும் அலுவலரையும் காவல்துறையையும் நேரடியாகவும் அணுகலாம். விடுதி மாணவர் தாமே பேசுவதற்கு, பள்ளி ஊழியரல்லாத ஒருவரின் தொடர்பு விவரம் தரப்பட்டிருக்க வேண்டும். 0800 1111 என்ற எண்ணில் 'சைல்டுலைன்' கட்டணமின்றிச் செவிமடுக்கிறது. ஓராண்டு நீடிக்கும் அல்லது நீடிக்கக்கூடிய கடும் உடல்நலக் குறைபாடோ மனநலக் குறைபாடோ காரணமாகக் குழந்தை பாகுபாட்டுக்கு ஆளாயின், 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின் கீழ் ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் முறையிடலாம்.

இவை அனைத்துக்கும் உயிர் தருவது பதிவுதான். நாள், நேரம், சொல்லப்பட்ட சொல், உடனிருந்தோர், குழந்தையின் உடல்நிலை ஆகியவற்றை நிகழ்ந்த அன்றே ஒரு குறிப்பேட்டில் எழுதிவரும் பெற்றோரின் முறையீடு, நினைவை மட்டும் நம்பியவரின் முறையீட்டைவிட வலுவாக நிற்கும். அதற்கும் முன்னதாக, குழந்தை வீட்டில் வாய்திறக்க ஒரு வழி இருந்தாக வேண்டும். தொலைபேசியில் வகுப்பைப் பற்றியே விசாரிக்கும் வீட்டில் ஆட்டம் தவிர வேறெதுவும் பேசப்படாமற் போகும்; இரவு என்ன சாப்பிட்டாய், யாரோடு சிரித்தாய், எங்கே வலிக்கிறது என்று கேட்கும் வீட்டில்தான் குறிப்பேட்டில் எழுதவேண்டியது என்ன என்பது தெரியவரும். 16 வயதில் பாலேவை விட்டுவிட்டு வேறு படிப்புக்குத் திரும்பும் பிள்ளையும் அதே கேள்விகளோடு வரவேற்கப்படுமானால், அந்த ஆண்டுகள் வீணாயின என்று யாரும் கணக்குப் பார்க்க வேண்டியிராது.