சொந்த அணி இல்லாத ஊரில் டெஸ்ட் கிரிக்கெட்

"ஐந்து நாள் ஆடுகிறார்கள். கடைசியில் ஜெயித்தவரும் இல்லை, தோற்றவரும் இல்லை என்று கை குலுக்கிவிட்டுப் போகிறார்கள். வேலை வெட்டி இல்லாதவர் பார்க்க வேண்டிய ஆட்டம்தானே இது?" பினாங்கில் டெஸ்ட் கிரிக்கெட் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி இதுதான். பின்னாலேயே இன்னொரு கேள்வியும் வரும். "மலேசியா ஆடாத ஆட்டத்தில் உங்களுக்கு என்ன அக்கறை? நீங்கள் யார் கட்சி?"

இரண்டுமே நியாயமான கேள்விகள். முதல் கேள்விக்குச் சுலபமாகப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

பார்ப்பது வேறு, தொடர்வது வேறு

டெஸ்ட் ரசிகர் யாரும் ஐந்து நாளும் தொலைக்காட்சி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பதில்லை. குழம்பைச் சிறுதீயில் வைத்துவிட்டு வீட்டு வேலையைக் கவனிப்பது போல்தான் அவர் ஆட்டத்தைக் கவனிக்கிறார். அவ்வப்போது மூடியைத் திறந்து ஒரு கிளறு கிளறிவிட்டு வந்தால் போதும். மணம் மட்டும் வீடு முழுக்க இருந்துகொண்டே இருக்கும்.

ஒரு நாளைக்கு 90 ஓவர். உணவுக்கு 40 நிமிடம், தேநீருக்கு 20 நிமிடம் இடைவேளை. ஆட்டம் சுமார் இரண்டு இரண்டு மணி நேரமாக மூன்று பகுதிகளாகப் பிரிந்து கிடக்கிறது. பினாங்குக் கடிகாரம் இதற்கென்றே அமைந்தது போல் இருக்கிறது. மெல்பர்னில் காலை 10.30-க்கு முதல் பந்து வீசப்படும்போது இங்கே 7.30, பசியாறும் நேரம். சென்னையில் காலை 9.30 என்றால் இங்கே நண்பகல் 12. ஜோகன்னஸ்பர்க்கில் காலை 10 மணி என்றால் இங்கே பிற்பகல் 4. இங்கிலாந்தின் கோடைக் காலத்தில் அங்கே காலை 11-க்கு ஆட்டம் தொடங்கினால் இங்கே மாலை 6. வேலை முடிந்து, குளித்து, ஒரு தே தாரேக்கோடு உட்காரும் நேரம். மேற்கிந்தியத் தீவுகளில் காலை 10 மணி என்றால் இங்கே இரவு 10. தூக்கம் வராதவர்களுக்கு அது ஒரு வரம்!

உலகின் எந்த மூலையில் டெஸ்ட் நடந்தாலும் அதில் ஏதோ ஒரு பகுதி பினாங்குக்காரரின் ஓய்வு நேரத்தில் வந்து விழுகிறது. மிச்சத்துக்குக் கைத்தொலைபேசி இருக்கிறது.

ஒவ்வொரு நாளும் வேறு ஆட்டம்

சரி, எட்டிப் பார்க்கும்போது அங்கே என்ன நடந்துகொண்டிருக்கும்? டெஸ்ட் என்பது ஒரே ஆட்டம் ஐந்து நாள் இழுத்துக்கொண்டு போவது அல்ல. நாளுக்கு நாள் அது வேறு ஆட்டமாகிறது.

முதல் நாள் காலையில் பிட்ச்சில் ஈரப்பசை இருக்கும். வேகப் பந்து வீச்சாளர்கள் ஆட்டம் போடும் நேரம் அது. இரண்டாம், மூன்றாம் நாட்களில் தரை இறுகி, மட்டை பிடித்தவர்களுக்குச் சாதகமாகும். நான்காம், ஐந்தாம் நாட்களில் வெடிப்பு விடும். பந்து வீச்சாளர்களின் காலணி பட்டுக் குழிகள் விழும். அந்தக் குழிகளைக் குறி வைத்துச் சுழல் பந்து வீச்சாளர் வலை விரிப்பார். எல்லா ஊர்த் தரையும் ஒன்று போல் இருக்காது. ஆனாலும் நாள் ஆக ஆகத் தரை தேய்ந்துபோவது எங்கும் உண்டு.

இதற்கு நடுவே 80 ஓவர் முடிந்ததும் புதுப் பந்து கேட்கலாம் என்ற விதி இருக்கிறது. ஒருவர் 90 ஓட்டங்கள் எடுத்து நிற்கிறார், 78-வது ஓவர் நடக்கிறது என்றால் விவரம் தெரியாதவருக்கு ஒன்றும் நடக்காதது போல் இருக்கும். விவரம் தெரிந்தவருக்கோ நெஞ்சு படபடக்கும். இன்னும் இரண்டு ஓவரில் பளபளக்கும் புதுப் பந்து வருகிறது, அதற்குள் சதம் அடிப்பாரா, அவசரப்பட்டு விக்கெட்டைக் கொடுப்பாரா? டெஸ்ட் கிரிக்கெட்டின் சுவையில் பாதி, நடந்ததைப் பார்ப்பதில் இல்லை. அடுத்து நடக்கப்போவதை ஊகிப்பதில் இருக்கிறது.

டிராவில் என்ன இருக்கிறது?

யாரும் ஜெயிக்காத ஆட்டத்தில் என்ன சுவை என்று கேட்பவர்களுக்கு 2021 ஜனவரி 11-ஆம் தேதி சிட்னியில் நடந்ததைச் சொல்லலாம். அந்தத் தொடரின் முதல் டெஸ்டில், 2020 டிசம்பரில் அடிலெய்டில், இந்தியா 36 ஓட்டங்களுக்குச் சுருண்டது. மெல்பர்னில் வென்று சமன் செய்தது. மூன்றாவது ஆட்டமான சிட்னி டெஸ்டின் கடைசி இன்னிங்ஸில் இலக்கு 407. ரிஷப் பந்த் 97, புஜாரா 77 எடுத்து வெளியேறியதும் மிஞ்சியது ஓடவே முடியாத ஹனுமா விஹாரியும், முதுகுவலியால் துடித்துக்கொண்டிருந்த சென்னைக்காரர் அஸ்வினும். அடுத்து மட்டை பிடிக்க வேண்டிய ஜடேஜாவுக்குக் கட்டைவிரல் உடைந்திருந்தது.

இருவரும் சேர்ந்து 259 பந்துகளைத் தாக்குப் பிடித்தார்கள். எடுத்த ஓட்டங்கள் 62தான். விஹாரி 161 பந்தில் 23, அஸ்வின் 128 பந்தில் 39. இருவரும் ஆட்டம் இழக்கவில்லை. ஸ்கோர் அட்டையில் 'டிரா' என்று ஒரே சொல். ஆனால் அந்த டிரா இல்லாவிட்டால் அடுத்து நடந்த எதற்கும் அர்த்தம் இருந்திருக்காது. எட்டு நாள் கழித்து, 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா டெஸ்டில் தோற்றே அறியாத பிரிஸ்பேன் திடலில், இந்தியா 328 ஓட்டங்களைத் துரத்திப் பிடித்துத் தொடரை 2-1 என வென்றது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த நடராஜனும், சென்னையின் வாஷிங்டன் சுந்தரும் முதல் முறையாக டெஸ்ட் ஆடியது அந்தத் திடலில்தான்.

36-க்குச் சுருண்ட அணி ஒரே மாதத்தில் இப்படி எழுந்து நிற்க முடிந்தது. இருபது ஓவர் ஆட்டத்தில் ஒரு தப்பு செய்தால் அன்றைக்கு எல்லாம் முடிந்தது. டெஸ்டில் இரண்டாவது இன்னிங்ஸ் என்று ஒன்று எப்போதும் உண்டு.

யார் கட்சி?

இப்போது இரண்டாவது கேள்வி. மலேசியா டெஸ்ட் ஆடும் நாடு இல்லை. ஆனால் கிரிக்கெட்டுக்கு இந்த மண் அந்நியமும் இல்லை. பிரிட்டிஷார் காலத்தில், ஜார்ஜ்டவுனில் நகராண்மைக் கட்டடத்துக்கு எதிரே கடலோரம் விரிந்து கிடக்கும் பாடாங் கோத்தா லாமா திடலில் கிரிக்கெட் ஆடினார்கள். 2008-இல் 19 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கிண்ணம் மலேசியாவில் நடந்தபோது பினாங்கிலும் ஆட்டங்கள் நடந்தன. அந்தக் கிண்ணத்தை வென்ற இந்திய இளைஞர் அணிக்குத் தலைவர் விராட் கோலி.

அதைவிடப் பழைய கதை ஒன்று இருக்கிறது. 1932 ஜூன் 25 அன்று லண்டன் லார்ட்ஸ் திடலில், சி.கே. நாயுடு தலைமையில் இந்தியா தன் முதல் டெஸ்டை ஆடத் தொடங்கியது. அந்தப் பதினொரு பேரில் ஒருவர் கோலாலம்பூரில் பிறந்த லால் சிங். தடுப்பாட்டத்தில் புலி. முதல் நாள் காலையில் இங்கிலாந்து 19 ஓட்டங்களுக்கு 3 விக்கெட் இழந்து திணறியது. அந்த மூன்றில் ஒன்று, பிராங்க் ஊலியை லால் சிங் ஓடவிட்டு வீழ்த்திய ரன் அவுட். ஆக, இந்தியாவின் டெஸ்ட் கணக்கில் முதல் பக்கத்திலேயே ஒரு மலாயாக்காரரின் பெயர் இருக்கிறது.

இருந்தாலும் இன்றைய பினாங்கு ரசிகருக்குச் சொந்தக் கொடியோடு இறங்கும் டெஸ்ட் அணி கிடையாது. பூப்பந்து அப்படியல்ல. புக்கிட் மெர்தாஜத்தில் வளர்ந்த லீ சோங் வெய் 2008, 2012, 2016 என மூன்று ஒலிம்பிக் இறுதியாட்டங்களில் இறங்கியபோது தமிழர், சீனர், மலாய்க்காரர் என்று யாரும் வேறுபடவில்லை. நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. மூன்று முறையும் வெள்ளிதான் கிடைத்தது. அந்த வலி எல்லோருக்கும் பொது. சொந்த அணி ஆடும்போது எதிராளியின் அழகான அடியை ரசிக்க மனம் வராது. அது இயற்கை.

டெஸ்ட் கிரிக்கெட்டில் பினாங்குக்காரருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தாத்தா தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் என்றால் இந்தியா, யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் என்றால் இலங்கை என்று சாய்வு இருக்கலாம். படித்த நாட்டின் மீது பாசம் வைத்து இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்பாரும் உண்டு. ஒரே மேசையில் நான்கு கட்சி உட்கார்ந்து கோப்பி குடிக்கலாம். கட்சி பார்த்து உள்ளே வந்தவரை ஆட்டம் பார்க்கவைத்துத் திருப்பி அனுப்புவதுதான் டெஸ்ட் கிரிக்கெட்டின் கெட்டிக்காரத்தனம்.

சேப்பாக்கமும் கொல்கத்தாவும்

சொந்த அணி ஆடும்போதே அப்படி ரசித்த கூட்டம் ஒன்று உண்டு. ரஜூலா கப்பல் ஓடிய காலத்திலிருந்து பினாங்குத் தமிழருக்குப் பழக்கமான சென்னையில், சேப்பாக்கம் திடலில், 1999 ஜனவரி 31 அன்று அது நடந்தது. பாகிஸ்தான் கிட்டத்தட்ட 12 ஆண்டுக்குப் பிறகு இந்தியாவில் டெஸ்ட் ஆட வந்திருந்தது. வரக்கூடாது என்று மிரட்டல்கள் இருந்தன. டெல்லித் திடலின் பிட்ச்சையே சிலர் தோண்டி நாசம் செய்திருந்தார்கள்.

இந்தியாவுக்கு இலக்கு 271. 82 ஓட்டங்களுக்கு 5 விக்கெட் போனது. டெண்டுல்கரும் நயன் மோங்கியாவும் 136 ஓட்டங்கள் சேர்த்து ஆட்டத்தைத் திருப்பினார்கள். முதுகுவலியோடு போராடி 136 அடித்த டெண்டுல்கர் ஆட்டமிழந்தபோது தேவைப்பட்டது வெறும் 17. கையில் மூன்று விக்கெட். நான்கு ஓட்டங்களுக்குள் அந்த மூன்றும் போயின. 12 ஓட்டங்களில் தோல்வி. இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்தைந்து விக்கெட் எடுத்தவர் சக்லைன் முஷ்டாக்.

திடல் ஒரு கணம் உறைந்து போனது. பிறகு கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. ஜெயித்த பாகிஸ்தான் அணி அந்தக் கைதட்டலுக்கு நடுவே திடலைச் சுற்றி வலம் வந்தது. தோற்ற வலி சென்னைக்காரருக்கு இல்லாமல் இல்லை. நான்கு நாள் கூடவே இருந்து பார்த்தவருக்கு எதிரணியின் உழைப்பும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

மூன்றே வாரத்தில் இதே இரண்டு அணிகளும் கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் மோதின. ஷோயப் அக்தர் மீது மோதித் தடுமாறிய டெண்டுல்கருக்கு ரன் அவுட் கொடுக்கப்பட்டதும் கூட்டம் கொந்தளித்தது. கடைசி நாளில் கையில் கிடைத்ததைத் திடலுக்குள் வீசியது. காவல் துறையினர் பார்வையாளர்களை வெளியேற்றினார்கள். பல்லாயிரம் பேர் உட்காரும் அரங்கம் கிட்டத்தட்டக் காலியாகக் கிடக்க, பாகிஸ்தான் 46 ஓட்டங்களில் வென்றது.

ஒரே நாடு, ஒரே எதிரணி, ஒரே மாதிரி தோல்வி. ஒரு கூட்டத்துக்கு வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொள்ள ஒரு கதை கிடைத்தது. இன்னொரு கூட்டத்தால் ஆட்டத்தின் முடிவைக்கூடப் பார்க்க முடியவில்லை. கொல்கத்தா மக்களுக்கு ரசனை இல்லை என்று சொல்லவும் முடியாது. இரண்டே ஆண்டில், 2001 மார்ச்சில், லக்ஷ்மண் 281 அடித்து ஆஸ்திரேலியாவின் தொடர் வெற்றிகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தபோது அதே அரங்கம் ஆட்டத்தைக் கொண்டாடித் தீர்த்தது. எந்தக் கூட்டமும் இரண்டு விதமாகவும் நடந்துகொள்ளக் கூடியது. எது என்பது ரசிகர் கையில் இருக்கிறது.

முரளியின் கடைசிப் பந்து

கட்சி தாண்டிய ரசனைக்குப் பினாங்குத் தமிழருக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. 2010 ஜூலையில் காலே திடலில் இந்தியாவுக்கு எதிராகத் தன் கடைசி டெஸ்டை ஆட இறங்கியபோது முத்தையா முரளிதரனிடம் இருந்தது 792 விக்கெட். கண்டி மண்ணின் தமிழர். முதல் இன்னிங்ஸில் ஐந்து எடுத்தார். இரண்டாவது இன்னிங்ஸில் இன்னும் இரண்டு எடுத்து 799-இல் நின்றார். இந்தியாவுக்கு ஒரே ஒரு விக்கெட் மிச்சம். அதை வேறு யாராவது வீழ்த்தினால் முரளியின் கணக்கு 799-உடன் மூடிவிடும்.

இந்தியா ஆட்டத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று விரும்பியவர்களிலும் எத்தனையோ பேர், விழுந்தால் அது முரளிக்கே விழட்டும் என்று வேண்டிக்கொண்ட நேரம் அது. கடைசியில் பிரக்ஞான் ஓஜா கொடுத்த பிடியை மஹேல ஜயவர்த்தன பிடித்தார். டெஸ்டில் முரளி வீசிய கடைசிப் பந்து அது. விக்கெட் எண் 800. இன்றுவரை வேறு யாரும் அந்த எண்ணைத் தொடவில்லை.

எங்கிருந்து தொடங்குவது?

டெஸ்ட் கிரிக்கெட்டுக்குப் புதியவர்கள் ஐந்து நாளையும் விழுங்க வேண்டியதில்லை. ஒரு தொடரைத் தேர்ந்தெடுத்து, ஒரு பந்து வீச்சாளரையும் ஒரு மட்டை ஆட்டக்காரரையும் மட்டும் கவனித்து வரலாம். தினமும் தேநீருக்குப் பிந்தைய இரண்டு மணி நேரம் போதும். பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்தால் "யார் ஜெயிப்பார்கள்?" என்று கேட்பதை விட்டு, "அடுத்த பந்தை எப்படிப் போடுவார்?" என்று கேட்டுப் பாருங்கள். வெற்றி தோல்வியைத் தவிர ஆட்டத்தில் வேறு என்னவெல்லாம் இருக்கிறது என்பதை அந்த ஒரு கேள்வியே கற்றுக்கொடுத்துவிடும்.

"நீங்கள் யார் கட்சி?" என்று யாராவது கேட்டால் சங்கடப்பட வேண்டியதில்லை. இன்றைய ஆட்டம் முடியட்டும், நன்றாக ஆடியவர் யார் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று தாராளமாகப் பதில் சொல்லலாம்.