குகை இல்லை, காடு உண்டு

வியட்நாமின் திராங் ஆன், யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் 2014-இல் இடம்பெற்ற நிலப்பரப்பு. சுண்ணாம்புப் பாறைக் குகைகளுக்குள் படகு நுழைந்து வெளிவரும்.

அப்படியொரு படகுப் பயணத்துக்குத் தஞ்சாவூர்க்காரர்களுக்கு மன்னார்குடி வழியே முத்துப்பேட்டை பக்கம்தான். காவிரிக் கிளைகளான பாமணியாறும் கோரையாறும் கடலைத் தொடுமுன் இங்கே காயலில் கலக்கின்றன. குகை கிடையாது, இருகரையும் அலையாத்திக் காடு, சேற்றிலிருந்து குத்திட்டு நிற்கும் மூச்சு வேர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் ஒடித்துப்போட்ட மரங்கள் ஏராளம்.

வனத்துறை அனுமதியை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஜாம்புவானோடையில் படகேறலாம். வலசைப் பறவைகளைப் பார்க்க நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம்; ஆனால் தொடக்கத்தில் வடகிழக்குப் பருவமழையும் கூடவே வரும். குடிநீரைக் கையோடு கொண்டுபோங்கள், காயல் நீர் உப்பு!